மான் பார்க்கப் போன வண்டி

எங்கள் வண்டி ஒரு காலத்தில் பார்சல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன மினி லாரி. பின்னால் தகரக் கூண்டு. வெளிநாட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் விடுப்பில் வந்ததும் அதை வாங்கி, நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். கூண்டின் பக்கவாட்டை அறுத்து ஜன்னல் வைத்தார். வெயிலில் தகரம் கொதிக்காமல் இருக்க உள்ளே தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் பிளைவுட் அடித்தார். மடக்குக் கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வந்தன. வீடு இருக்கும்போது லாரியில் எதற்குப் படுக்க வேண்டும் என்று மாமியார் கேட்டார். எனக்குள்ளும் அதே கேள்விதான். ஆனால் வருஷத்தில் ஒரு மாதம்தான் மகளோடு இருக்கிற மனிதர், வெளிநாட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டே இந்த வண்டியைப் படமாக வரைந்து வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டபோது கூண்டின் கூரை ஒழுகியது. எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் மேலே ஒரு பழைய பிளக்ஸ் பேனரைப் போட்டுவிடுவோம். வைக்கோல் போருக்கும் அதுதான், மாட்டுக்கொட்டகைக்கும் அதுதான். தெரு இளைஞர் மன்றத்தார் விழாவுக்குக் கட்டிய பிளக்ஸ் ஒன்றைக் கணவர் வாங்கிவந்து கூரையில் விரித்துக் கயிறு போட்டுக் கட்டினார். அச்சடித்த பக்கம்தான் தண்ணீரை வாங்காது என்று அதை வெளியே வைத்தார். யாரோ ஒரு தலைவர் கைகூப்பியபடி வண்டியின் பக்கவாட்டில் பாதி தொங்கினார். பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது.

விடுப்பு முடியப்போகும் நேரத்தில்தான் மழை விட்டது. கோடியக்கரைக்குப் போய் மகளுக்கு மான் காட்டலாம் என்றார். இனி மழை வருமா என்று போனில் எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. பெய்த மழை அந்தப் பக்கம் என்ன செய்தது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் சம்பா வயல்களில் தண்ணீர் வடிந்துவிட்டது, அதனால் எல்லா இடத்திலும் வடிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வழியில் எது இல்லாமல் போகுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஏற்றினேன். பால் பவுடர் டின்கள், டயப்பர் கட்டுகள், தண்ணீர் கேன்கள், பிஸ்கட், பிரெட், போர்வைகள். குடும்பத்தோடு குடிபெயர்கிறாயா என்று கணவர் கேலி செய்தார்.

வேதாரண்யத்துக்குச் சற்று முன்னால், உப்பளங்களை ஒட்டிய சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினோம். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எங்கும் தண்ணீர். மகளுக்குப் பருப்புச் சாதம் குழைக்கலாம் என்று பின்கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, வண்டியைப் பார்த்து, யாருக்கோ போன் செய்துவிட்டுப் போனார்.

சாதம் வேகும்முன் தூக்குகளும் பிளாஸ்டிக் பைகளுமாகப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் தள்ளவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு பெரியவர் அவர்களை வரிசையாக நிறுத்தி, கைக்குழந்தை வைத்திருப்பவர்களை முன்னால் வரச்சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்பொரு புயலின்போது எங்கள் தெரு வழியாகவும் இப்படித்தான் வண்டிகள் கடற்கரைப் பக்கம் போயின. மூடிய லாரி, வெளியே பேனர், உள்ளே பிரெட்டும் தண்ணீரும்.

என் கணவருக்கும் விளங்கிவிட்டது. அவர் கூரை மேல் ஏறி பிளக்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்:

"பேனரைக் கழட்டாதீங்க சார். அப்புறம் எதை வச்சு போட்டோ எடுப்பீங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சொல்லவேண்டியது நான்தான் என்று ஆகிவிட்டது.

"நாங்க நிவாரணம் குடுக்க வரலைங்க," என்றேன்.

முன்னால் நின்றவளுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் குழந்தை. அவள் எட்டி உள்ளே பார்த்தாள். கட்டில், கொசுவலை, கொடியில் காயும் ஜட்டிகள், கொதிக்கிற சோறு. அவள் முகம் மாறியது.

"ஒங்க வீடும் போயிடுச்சா?"

நான் அடுப்பைத் தணித்தேன். அவளே மேலே கேட்டாள்:

"கைப்புள்ளைய வச்சுக்கிட்டு வண்டிலயா இருக்கீங்க? பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஆக்குறாங்க. வாங்க தங்கச்சி, அங்க வந்து சாப்பிடுங்க."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அந்தக் கணத்தில் அதற்குத்தான் மனம் ஆசைப்பட்டது. வீடு இழந்தவளாக அவள் முன்னால் நிற்பது, வீடு இருந்தும் லாரியில் படுக்க வந்தவளாக நிற்பதைவிட எவ்வளவோ மேலாகத் தோன்றியது.

"இல்லக்கா. வீடு நல்லாருக்கு. பாப்பாவுக்கு மான் காட்டலாம்னு வந்தோம்."

யாராவது திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் கொஞ்ச நேரம் என் மகளைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"தண்ணிக்கு மான்லாம் மேட்டுக்கு ஏறியிருக்கும். இப்ப போனா ரோட்லேருந்தே தெரியும்."

நான் திரும்பி பால் பவுடர், டயப்பர், பிரெட், போர்வை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கணவரும் இறங்கிவந்து தண்ணீர் கேன்களைத் தூக்கிக் கொடுத்தார். அந்த வரிசைக்கு அது போதவில்லை. பாதிப் பேர் வெறும் பையோடு நின்றார்கள். பால் டின்னை வாங்கிய அவள், உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பொய் இல்லை. ஒரு டின்னைத் தலையணைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் மற்றதை எடுத்திருந்தேன். தாய் என்றால் அப்படித்தான் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளும் தாய்தானே என்ற இடத்தில் அது நின்றுவிடுகிறது.

மேற்கொண்டு போக எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் சாலை குறுகல், இரண்டு பக்கமும் தண்ணீர். வண்டியை ஒரே வீச்சில் திருப்ப இடமில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அடுத்த வண்டி வரும், யாரும் கலைய வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் கூண்டுக்குள் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வா, வா, இன்னும் வா," என்று சொல்லிச் சொல்லி அவர் தகரத்தைத் தட்டினார். பிளைவுட்டையும் தெர்மாகோலையும் தாண்டி ஒவ்வொரு தட்டும் என் முதுகில் கேட்டது. ஒரு சக்கரம்கூடத் தண்ணீரில் இறங்காமல் எங்களை ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.