சித்தி மலைக்குப் பெட்டி அடுக்கிய வாரம்

உலகத்தில் இதுவரை பெட்டி அடுக்கிய அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்தால், முதல் ஆள் என் சித்தி. இரண்டாவது ஆள் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி நிற்பார். ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தால் அதில் ஒரு மழைக்காலம், நாலு கம்பளி, இரண்டு ஜோடி செருப்பு எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, இன்னும் ஒரு துண்டு வைக்க இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்பாள். யானையைக் கொடுத்தால் தும்பிக்கையைச் சுருட்டிக் காலுறைக்குப் பக்கத்தில் செருகுவாள். பூமியை அவளிடம் அடுக்கக் கொடுத்திருந்தால் கடலுக்கு இவ்வளவு இடம் வீணாகியிருக்காது. நான் வாயைத் திறந்தால் பொய் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இது பொய் இல்லை. கொஞ்சம் ஊதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சித்தி, என் அம்மாவுக்குத் தங்கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சாவிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஆறடி அகலத்தில் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். ஜிப் மாற்றுவாள், சக்கரம் மாட்டுவாள், அறுந்த கைப்பிடியைத் தைப்பாள். பத்தாம் வகுப்பும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட நாளிலிருந்து அங்கே எடுபிடி நான்தான். கடை முழுக்க ஊர் சுற்றிவிட்டு வந்த பெட்டிகள். ஒன்றின் வாயைத் திறந்து உள்ளே மூக்கை நுழைத்தால் போதும், இது கடல் பக்கம் போய்விட்டு வந்தது, இதில் ஈரத்துணி மூன்று நாள் கிடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பெட்டிக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார்கள்.

சித்தி மட்டும் எங்கேயும் போனதில்லை, வருஷத்தில் நாலு நாள் தவிர.

சித்தியும் சித்தப்பாவும் பிரிந்தபோது பாப்பாவுக்கு ஆறு வயது. இப்போது பதின்மூன்று, ஆனாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். அவள் அப்பாவோடு வேறொரு நகரத்தில் இருக்கிறாள். கோடை விடுமுறையில் ஏழு நாள் அம்மாவோடு என்று கோர்ட் தாளில் எழுதியிருக்கிறது. அந்த நகரத்துக்கும் எங்கள் நகரத்துக்கும் நடுவில் ஒரு மலை. மலையடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா பாப்பாவை இறக்கிவிடுவார். முதல் நாலு நாள் அம்மாவும் பொண்ணும் மலையில், மிச்சம் மூன்று நாள் இங்கே, எங்கள் வீட்டில்.

முதல் வருஷம் பாப்பா மெல்லிசான ஒரு கவுனோடு வந்து இறங்கினாளாம். கோடைதானே என்று சித்தப்பா நினைத்துவிட்டார். அந்த மலைக்குக் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. எட்டு மணிக்கு வெயில் முதுகைச் சுடும், பதினோரு மணிக்கு மூடுபனி, மூன்று மணிக்கு ஆலங்கட்டி. ஆறு மணிக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பிக்கும். ஆறு வயசுப் பிள்ளை அன்றைக்கு நடுங்கிய நடுக்கத்தைச் சித்தி இன்னமும் மறக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து இரண்டு பெட்டி. ஒன்று அவளுக்கு, ஒன்று பாப்பாவுக்கு.

அடுக்குவதற்கு அவளிடம் ஒரு கணக்கு உண்டு. நகரத்து வெயிலுக்கான பருத்தித் துணி எல்லாம் அடியில், அது கடைசி மூன்று நாளுக்கு. நடுவில் கம்பளி. மேலே மழைக்கோட்டு, பெட்டியைத் திறக்காமலேயே கைவிட்டு இழுக்கிற மாதிரி. அடுக்கி முடித்ததும் கைப்பிடியில் இரண்டே விரலை மாட்டித் தூக்குவாள். பத்து எண்ணுவதற்குள் விரல் வலித்தால் எதையாவது எடுத்துவிடுவாள். எடுப்பது எப்போதும் அவள் பெட்டியிலிருந்துதான். அதில் கனம் குறைந்தால் பாப்பா பெட்டி எப்படி லேசாகும் என்று கேட்டதற்கு, எனக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை என்று இப்போது புரிகிறது என்றாள்.

அளவு பார்க்க நான்தான் கடைப் பொம்மை. பாப்பாவைவிட நான் நாலு வயசு மூத்தவள், ஆனால் குள்ளம். அதனால் பாப்பாவுக்கு வாங்குகிற கம்பளி, மழைக்கோட்டு எல்லாவற்றையும் எனக்குத்தான் போட்டுப் பார்ப்பாள். மே மாத வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கையை விரித்து நிற்பேன். சாவிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, குருவி விரட்ட வயலுக்கு ஆள் தேவைப்படுகிறது, அனுப்புகிறீர்களா என்பார்.

போன வருஷம் அதில்தான் கோளாறு. நான் வளர்வதை நிறுத்திவிட்டேன், பாப்பா நிறுத்தவில்லை. நீலக் கம்பளியின் கை அவளுக்கு மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலையில் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்கிறாள். குளிருகிறது போல என்று சித்தி நினைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான், அவள் கையை மறைத்துக்கொண்டிருந்தாள் என்பது புரிந்தது. பெத்த பொண்ணோட கை நீளம் எனக்குத் தெரியல என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதனால் இந்த வருஷம் பாப்பாவையே அளவு கேட்டு மெசேஜ் அனுப்புவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை பஸ். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் போனுக்குப் பாப்பாவிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா நான் இந்த வருஷம் வரல. ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் கேம்ப் போறோம். அப்பா ஓகே சொல்லிட்டார். அம்மாகிட்ட நீ சொல்லிடு. எனக்குப் பயமா இருக்கு."

கடை வாசலில் நின்றுகொண்டு இரண்டு தடவை படித்தேன். உள்ளே சித்தி பாப்பா பெட்டியின் ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு தேய்த்தால் ஜிப் வெண்ணெய் மாதிரி ஓடும். தலையைத் தூக்காமலேயே கேட்டாள்:

"என்னடி மூஞ்சி. யாரை ஏமாத்திட்டு வந்து நிக்கிற?"

யாரையும் ஏமாற்றவில்லை என்றேன். அதுவரைக்கும் அது உண்மைதான்.

என்னிடம் இன்னொரு சிம் உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஃபிரிட்ஜ் பரிசு விழுந்ததும், சாவிக் கடைக்காரரைத் தேடி ஒரு சினிமா கம்பெனி அலைந்ததும் அந்த சிம்மின் கைங்கரியம். சித்தி டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து, "பாப்பா" என்ற பெயருக்குக் கீழே இருந்த நம்பரை மாற்றி அந்த சிம்மின் நம்பரைப் போட்டேன். ஒரே ஒரு நாளைக்குத்தான், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்வதற்கு இது என்ன கல்யாணமா என்று இப்போது தோன்றுகிறது.

சாயந்திரமே என் பையில் சித்தி வந்துவிட்டாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை எவ்வளவு கண்ணு என்று கேட்டிருந்தாள். வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து நூலால் என் கையை அளந்தேன். நாலு விரல் கூட்டினேன், ஒரு வருஷ வளர்த்திக்கு இன்னும் ஒரு விரல் கூட்டினேன். அனுப்பினேன். என்ன நிறம் என்றாள். பச்சை என்றேன். மழைக்கோட்டுக்குத் தொப்பி வேண்டுமா, வளைவில் இன்னமும் வாந்தி வருகிறதா, பஸ்ஸில் முன் சீட்டு பார்க்கட்டுமா. எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். எதிரே உட்கார்ந்து சக்கரத்துக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டே, மேஜைக்கு அடியில் அவள் பொண்ணாக இருந்தேன்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தினமும் சொல்லத்தான் போனேன். பச்சைக் கம்பளியை வாங்கி வந்து கை நீளத்தைத் தன் விரலால் அளந்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தவளிடம் என்னவென்று சொல்வது. புதன்கிழமை வேறு வழியில்லாமல் பாப்பா பெட்டியின் ஜிப்பைப் பிய்த்துவிட்டேன். பெட்டி இல்லை என்றால் பயணம் இல்லை என்று என் மூளை போட்ட கணக்கு அது. ஜிப் ரிப்பேர் செய்கிறவள் பெட்டியில் போய் ஜிப்பைப் பிய்த்த ஒரே அறிவாளி நான்தான். நாலு நிமிஷத்தில் மாற்றிவிட்டு, பழைய ஜிப்பை என் கழுத்தில் மாலையாகப் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பெட்டியும் மூடித் தயாராக நின்றன. சித்தி பாப்பா பெட்டியை இரண்டு விரலில் தூக்கிப் பத்து எண்ணினாள். இறக்கி வைத்தாள். போனை எடுத்து, ஒரு விரலால் மெதுவாக என்னவோ தட்டினாள்.

என் பை அதிர்ந்தது.

போன் கம்பெனிக்காரன் விளம்பரம் என்றேன். மறுபடி தட்டினாள். மறுபடி அதிர்ந்தது. கம்பெனிக்காரனுக்கு இன்னைக்கு என்மேல் ரொம்பப் பாசம் என்று சொல்லப் பார்த்து, பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"திங்கக்கிழமை அவளே போன் பண்ணிட்டாடி," என்றாள் சித்தி. "பாப்பான்னு பேர் வரல, வெறும் நம்பர்தான் வந்துச்சு. யாரோன்னு எடுத்தா அவ குரல். வரலம்மான்னு சொல்லிட்டு அழுதா. போய்ட்டு வா கண்ணுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?"

அவளுக்குத் திங்கட்கிழமையே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பச்சைக் கம்பளி வாங்கினாள். தெரிந்துதான் ஜிப் மாற்றினாள். அப்புறம் எதற்கு இதெல்லாம் அடுக்கினாய் என்று கேட்டேன்.

அவள் போனை என் பக்கம் திருப்பினாள்.

"அவ போனை வச்ச கொஞ்ச நேரத்துல இது வந்துச்சு. பாரு."

திங்கட்கிழமை நான் அனுப்பியதுதான். அனுப்பியதே எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, கை போன போக்கில் தட்டியிருக்கிறேன். 'அம்மா சாப்பிட்டியா?'

"ஏழு வருஷத்துல என் பொண்ணு என்னை இதைக் கேட்டதே இல்லடி. அவ மேல தப்பில்ல, சின்னப் பிள்ளை. படிச்சதுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு." போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அதையே பார்த்தாள். "தெரிஞ்சும் சாப்பிட்டேன் கண்ணுன்னு பதில் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

நான் பாப்பாவின் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெட்டிய என்ன பாக்குற? இன்னைக்கும் நான் சாப்பிடல. மேஜைக்கு அடியில தட்டாம, என் மூஞ்சியப் பாத்துக் கேளு."