மலைக்கு இரண்டாவது ஆள்

குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த எங்களை, எழுபதுகளின் கடைசியில், முறைபோட்டு ஜவ்வாது மலைக்கு அனுப்புவார்கள். ஓட்டுக்கூரை போட்ட சின்ன வைத்தியசாலை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். ஒரு மாதம் கழித்து அடுத்தவன் வருவான். வாரம் ஒருமுறை ஒடுகத்தூர் வழியாக ஜீப்பில் மருந்து வரும்.

எனக்கு முன்னால் போனவன் என் அறைத்தோழன். கீழே இறங்கி வந்தவன் யாரோடும் பேசவில்லை. இரண்டு நாள் கட்டிலிலேயே கிடந்தான். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். மேற்படிப்பை விட்டுவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. அவனுக்குத் தெம்பு போதாது என்று வார்டில் சொன்னார்கள். மலையில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்கூட அவன் பேசட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

நான் போன சமயம் தட்டம்மை பரவியிருந்தது. சளி நெஞ்சில் இறங்கி மூச்சுத் திணறும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையூர்களிலிருந்து நடந்தே வருவார்கள். பகலும் ராத்திரியும் ஒன்றாகிவிட்டன. சாப்பிட்டேனா என்பது நினைவிருக்காது. ஒருவருக்குச் சொன்ன மருந்தையே அவருக்கே மறுபடி சொல்லிக்கொண்டிருப்பேன். இந்தப் பிள்ளைக்கு இன்னொரு ஊசி போடலாமா என்று கேட்க, என்னைப்போல் படித்த ஒரு ஆள் அங்கே இல்லை. அதுதான் உடம்புச் சோர்வைவிட அதிகமாக அழுத்தியது.

ஒருநாள் காலையில், இரண்டு நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தை இறந்துபோனது. வெளியே புளியமரத்தடியில் வரிசை அப்படியே இருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனவன் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அழுகையும் வரவில்லை.

நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வரிசையில் இருந்தவர்களிடம் அவர் பேசுவது கேட்டது. "டாக்டரு நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னல. செத்த நேரம் குந்துங்க."

வரிசை அப்படியே உட்கார்ந்தது. யாரோ சாமைச் சோறு கொடுத்தனுப்பினார்கள். அதை எடுத்துவந்தவர் இறந்த குழந்தையின் அப்பா. தூக்கிப்போக வேண்டிய பிள்ளை உள்ளே இருந்தது.

"நீ துன்னு சாமி. அப்பால போறேன், இன்னா அவசரம்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் சாப்பிட்டேன். எப்படி விழுங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை.

அந்த வார ஜீப்பில் எங்கள் பேராசிரியர் வந்தார். இனிமேல் மலைக்கு இரண்டு பேராக அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். வார்டில் ஆள் ஏது என்றார். எங்கள் காலத்தில் ஒற்றையாகக் கிடந்துதான் கற்றுக்கொண்டோம், கஷ்டம் பழகிவிடும் என்றார்.

"எனக்கு முன்னாடி வந்தவன் பழகல சார். போய்ட்டான்" என்றேன்.

அவர் டீயைப் பாதியில் வைத்தார். பிறகு அவன் எந்த ஊர் என்று மட்டும் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என் மேல் கோபம் என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் படுக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு என் வகுப்பு நண்பன் இறங்கினான். அவனை அனுப்பியதற்கு ஈடாக, வாரத்தில் இரண்டு நாள் பேராசிரியரே வார்டில் ராத்திரி டூட்டி பார்க்கிறாராம். வந்தவன் கைகால் கழுவிவிட்டு நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தான். நான் போய்ப் படுத்தேன். மறுநாள் மத்தியானம்தான் விழித்தேன். அதன்பிறகு மலைக்கு யாரும் தனியாகப் போகவில்லை.

பேராசிரியர் அறைத்தோழனின் ஊருக்கும் போய் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். அவன் வரவில்லை. சில வருடம் கழித்து ஆலங்காயம் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். சொந்த ஊரிலேயே கிளினிக் வைத்திருப்பதாகச் சொன்னான். மலையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவனேதான் கேட்டான், இப்போது இரண்டு பேராகப் போகிறார்களாமே என்று.

ஆமாம் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.