லோரென்ஸ் நீட்டிய கிண்ணம்

காலுறை ஆலையில் தைத்துப் பிழைத்த கெர்லிண்டேயின் மகள் சில்கே, டாக்டராக ஆசைப்பட்டாள். கிழக்கு ஜெர்மனியில் பதினாலு வயதுப் பிள்ளைகள் அரசாங்கத்துக்கு உறுதிமொழி கொடுக்கும் சடங்குக்கு அவள் போகவில்லை. அதற்குப் பதிலாகக் கோயிலில், கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தல் எடுத்தாள். அதற்காகவே மேல்படிப்புக் கதவைச் சாத்தினார் தலைமை ஆசிரியர் லோரென்ஸ். சில்கே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கப் போனாள்.

சுவர் விழுந்தது, நாடு ஒன்றானது. மூன்றே வருஷத்தில் அதே லோரென்ஸ் ஞானஸ்நானம் வாங்கி, சபை மூப்பராகி, திராட்சரசம் நிறைந்த திருவிருந்துக் கிண்ணத்தோடு கெர்லிண்டே முன்னால் வந்து நின்றார்.

"முதல்ல என் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க சார். கடைசி பெஞ்சுலதான் இருக்கா."

"அது அந்தக் காலம்மா. எல்லாரும் அப்படித்தானே இருந்தோம்."

"நாங்க இல்ல. அப்ப கோயிலுக்கு யார் யார் வர்றாங்கன்னு வாசல்ல நின்னு பாத்தீங்க. இப்ப உள்ள வந்து எங்களுக்கே பரிமாறுறீங்களா?"

"அப்புறமா பேசிக்கலாம்," என்று முணுமுணுத்து அவர் பக்கத்து ஆளிடம் நகர்ந்தார்.

பக்கத்தில் நின்ற பாஸ்டர், பிரச்சினை வேண்டாமென்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"கர்த்தர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல பாஸ்டர். இந்த மனுஷன் மன்னிப்புக் கேக்குறவரைக்கும் ஒவ்வொரு திருவிருந்துக்கும் வந்து இதே இடத்துல நிப்பேன்," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் வாய் வைக்காமலே பீடத்தின் படியிறங்கினாள்.