மாமியாருக்கு அப்பறம் சொல்றேன்

முன்னாடின்னு பேரு சொன்னா அந்த ஆத்துல போட் விடுற அத்தனை பேருக்கும் தெரியும். ரப்பர் போட்டோட பின்பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "முன்னாடி போடு, போடு, நிறுத்து, குனி"ன்னு தொண்டை கிழியக் கத்துறதுதான் அவரு பொழப்பு. அதுவே பேராவும் ஆயிடுச்சு. வீட்டுலயும் அதே குரல்தான். குளிச்சு முடிச்சுட்டு உள்ள இருந்தே, "துண்டு, முன்னாடி போடு"ம்பாரு. சம்சாரம் அடுப்படியை விட்டு அசையாம, "இது வீடு, ஆறு இல்ல. வேணும்னா துடுப்புப் போட்டு வந்து எடுத்துக்கோங்க"ம்பாங்க.

மக ஒருத்தி இருக்கா. சின்ன வயசுலயே அவளுக்கு அப்பா குரல் அச்சு அசலா வரும். கட்டில் மேல ஏறி நின்னு, தொண்டையைக் கரகரன்னு வெச்சுக்கிட்டு, "எல்லாரும் நல்லா கேளுங்க. நீங்க தண்ணியில விழுந்தா பரவாயில்ல, துடுப்பை விட்டுடாதீங்க. துடுப்பை நான் விலை குடுத்து வாங்கியிருக்கேன்"னு அவரோட அரதப்பழசான ஜோக்கை எடுத்து விடுவா. அம்மாக்காரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பாங்க. முன்னாடி முறைப்பாரு. முறைச்சுக்கிட்டே பக்கத்து ரூமுக்குப் போய்ச் சிரிப்பாரு.

அந்த மக அவருகிட்ட ஒரு வார்த்தை பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா செத்த நாள்ல இருந்து.

அதனால, அன்னைக்குக் காலையில கரையில வேன் வந்து நின்னு, ஒரு பல் டாக்டரு, அவரு சம்சாரம், புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடின்னு வரிசையா இறங்கி, கடைசியா மக இறங்கினப்ப, முன்னாடிக்கு வாயில வெச்சிருந்த டீ உள்ள போகவா வெளிய வரவான்னு ஆயிடுச்சு.

"எப்பம்மா வந்தே?"

"சார், இதுல என் சைஸ் லைஃப் ஜாக்கெட் எது?"

சார். கூட வந்தவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஜாக்கெட் வாரை ஒவ்வொருத்தருக்கும் கைடுதான் இழுத்துப் பாக்கணும், அது தொழில். பல் டாக்டருக்கு இழுத்தாரு, டாக்டரம்மாவுக்கு இழுத்தாரு. மக முன்னால வந்து நின்னப்ப கை ஒரு நிமிஷம் தயங்குச்சு.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது சார்."

சாமான் போட்டுல கூடாரமும் பாத்திரமும் கட்டிக்கிட்டிருந்த கொக்கு அவளைப் பாத்தான். பாத்த உடனே குனிஞ்சுக்கிட்டான். நல்ல உசரம், கழுத்து நீளம், அதனால கொக்கு. முன்னாடிகிட்ட தொழில் கத்துக்கிட்டவன். கூட வர்ற சாமான் போட்டு அவன் பொறுப்பு. அதுல ஒரு ஆரஞ்சு டப்பாவுக்குள்ள சாட்டிலைட் ஃபோன் இருக்கும். அந்தப் பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்சா வேற எந்த ஃபோனும் வேலைக்கு ஆகாது. ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை, மேல ஒரு நாடா அகலத்துக்கு வானம். ஒத்தையடிப்பாதை கூடக் கிடையாது. உள்ள போனா ஆத்து வழியாத்தான் வெளிய வரணும்.

பல் டாக்டரு வழி பூரா மூக்கால பேசிக்கிட்டே வந்தாரு. "இதுல முதலை இருக்குமா? இல்ல, சும்மா ஒரு ஜெனரல் நாலெட்ஜுக்குக் கேக்குறேன்." டாக்டரம்மா, "இருந்தா உங்க கிளினிக் கார்டைக் குடுங்க, அதுக்குத்தான் பல்லு ஜாஸ்தி"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. முன் வரிசையில உக்காந்திருந்த மகளோட முதுகு மட்டும் அசையல. பின்னாடி உக்காந்து ஓட்டுறவங்க ஜனங்களை முதுகை வெச்சுத்தான் படிப்பாங்க. பயந்த முதுகு எது, சோம்பேறி முதுகு எதுன்னு முன்னாடிக்கு அத்துப்படி. அந்த முதுகை மட்டும் அவரால படிக்க முடியல. அவங்க அம்மாவுக்கு இருந்த அதே குறுகின தோளு.

மறுநாள் மத்தியானம் மாமியாருக்கு மேல்கரையில போட்டை நிறுத்தினாங்க. அந்த ஆத்துலயே பெரிய கொந்தளிப்பு அது. ஒரு வார்த்தை வாங்காம யாரும் தாண்ட முடியாதுங்கறதால மாமியார். அதுக்கு முன்னால போட்டுக்காரங்க பாறை மேல ஏறி, தண்ணி இன்னைக்கு என்ன மூடுல இருக்குன்னு பாத்துட்டுத்தான் இறங்குவாங்க. கூடவே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கெட்ட சேதி எதுவா இருந்தாலும் மாமியாருக்கு அப்பறம்தான் சொல்லணும். ஒரு தடவை எவனோ ஒருத்தன், பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு தெரிஞ்சு இறங்கி, பாதியில துடுப்பைப் பிடிச்சபடி மரமா நின்னுட்டான். போட்டு கவுந்து, ஒவ்வொருத்தரையா முடியைப் பிடிச்சுத் தூக்க வேண்டியதாப் போச்சு. அப்ப முன்னாடிதான் இந்தச் சட்டத்தைப் போட்டாரு.

பாறை மேல அவரு நின்னுக்கிட்டிருக்கையில மக பின்னாலயே ஏறி வந்தா.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில இருந்து சித்தி அந்த ஆரஞ்சு டப்பாவுக்கு அடிச்சாங்க. யாரோ எடுத்து, 'சொல்லிடறேன்'னாங்க. அம்மா சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க. நீங்க கூப்பிடல. உங்ககிட்ட சொன்னாங்களா, சொல்லலையா?"

முன்னாடி கீழ பாத்தாரு. தண்ணி வெள்ளையாத் திரும்பிக்கிட்டிருந்துச்சு. கொக்கு சாமான் போட்டுல ஏற்கெனவே கட்டின கயித்தை அவுத்து மறுபடி கட்டிக்கிட்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல அவனும் இதுல இறங்கணும். இவளும் இறங்கணும்.

"மாமியாருக்கு அப்பறம் சொல்றேம்மா."

மக ஜாக்கெட் வாரை இறுக்கிக்கிட்டா.

"அன்னைக்கும் இதைத்தானே செஞ்சீங்க"ன்னுட்டு இறங்கிப் போயிட்டா.

இந்தத் தடவை அவரு மாமியாரை எப்படித் தாண்டினாருன்னு கேட்டா அவருக்கே தெரியாது. "முன்னாடி போடு"ன்னு வாய் கத்துச்சு, கை திருப்புச்சு. பல் டாக்டரு, "அம்மா அம்மா அம்மா"ன்னு ஒரே ராகத்துல பாடி முடிக்கிறதுக்குள்ள போட்டு மாமியாருக்குக் கீழ இருந்த அமைதியான தண்ணிக்கு வந்துடுச்சு. எல்லாரும் கரையில இறங்கித் துணியைப் பிழிஞ்சாங்க. மக தனியா ஒரு பாறையில உக்காந்திருந்தா. அவரு பக்கத்துல போய் உக்காந்தாரு.

"அன்னைக்கு மழை நிலவரம் கேக்கறதுக்காக ஃபோனைப் போட்டது கொக்கு. எடுத்ததும் அவன்தான். என்கிட்ட சொல்லல. நான் போட்ட சட்டம், அதைத்தான் காப்பாத்தினான். அன்னைக்குத் தண்ணி ஜாஸ்தி, மாமியாரைத் தாண்டறப்ப இருட்டாயிடுச்சு. இதோ இதே எடத்துல வந்து சொன்னான். உடனே திருப்பி ஃபோன் அடிச்சேன். சித்தி எடுத்து அழுதா."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ வீட்டுப் பக்கம் வரவே இல்லியே. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியல. நீ அவனை விட்டிருக்க மாட்டே. அதுக்கப்பறம் அவன் பல நாள் துடுப்பையே தொடலம்மா. சட்டம் என்னோடது. திட்டு எனக்கே வரட்டும்னு இருந்துட்டேன்."

அவ கொக்கு இருந்த பக்கம் பாத்தா. அவன் முதுகைக் காட்டி நின்னுக்கிட்டிருந்தான்.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா?"

"வர ஏது வழி? ஆனா ஒரு வார்த்தை பேசியிருப்பேன்."

"பேசிட்டீங்கப்பா."

அவருக்குப் புரியல.

"அம்மா 'அவரு கூப்பிட்டாரா, கூப்பிட்டாரா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என்னால பாக்க முடியல. வெளிய வராண்டாவுல போய் நின்னுக்கிட்டு சித்தி ஃபோனுக்கு அடிச்சேன். அம்மா காதுல வெக்கச் சொன்னேன். உங்க குரல்ல பேசினேன். 'ஏய், நான்தான். தாண்டியாச்சு. வந்துக்கிட்டே இருக்கேன்'னு."

"நம்பினாளா?"

"நம்பிட்டாங்க. கண்டுபிடிச்சிருந்தாக்கூடத் தேவலை."

"பதில் என்ன சொன்னா?"ன்னு கேட்டாரு.

மக தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்பறம், கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி, இழுத்து இழுத்து, அவ தொண்டை வழியா அவங்க அம்மா வந்து அந்தப் பாறையில உக்காந்து பேசினாங்க.

"ஈரத்துணியோட வேன்ல உக்காராதீங்க, முதுகு பிடிச்சுக்கும். அவளை ஒண்ணும் திட்டாதீங்க, பாவம், காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கா. நான் கொஞ்சம் கண்ணசர்றேன். வந்ததும் எழுப்புங்க."

முன்னாடி ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாரு. தோளு மட்டும் குலுங்குச்சு. கையை எடுக்காமலே, "இன்னொரு தடவை சொல்லும்மா"ன்னாரு.

அவ வாயைத் திறந்தா. மூடிக்கிட்டா.

"முடியாதுப்பா. உங்க குரல் எப்பக் கேட்டாலும் வரும். அம்மா குரல் தேஞ்சுக்கிட்டே போகுது. தனியா இருக்கப்ப பேசிப் பாப்பேன், வேற யாரோ மாதிரி இருக்கு. முழுசாப் போறதுக்குள்ள உங்ககிட்ட குடுத்துடணும்னுதான் வந்தேன்."

கரையில இருந்து பல் டாக்டரு, "கிளம்பலாமா? இல்ல, சும்மா கேக்குறேன்"ன்னாரு.

எல்லாரும் ஏறினாங்க. முன்னாடி அதுக்கப்பறம் அவகிட்ட அதைக் கேக்கல. ஆனா மீதி ஆறு பூரா, முன் வரிசையில மக யார்கிட்டயாவது பேச வாயெடுத்தா போதும், கத்திக்கிட்டிருந்த மனுஷன் பாதியில நிறுத்திட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவ பேசினதெல்லாம் அவளோட சொந்தக் குரல்லதான்.