பொட்டு வைத்த தாங்கி

அமெரிக்காவில் தேர்தல் என்றால் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் எங்களுக்குக் காய்ச்சல் வரும். வோட்டு இல்லை, வாய் மட்டும் உண்டு. அந்த இலையுதிர்காலத்தில் என் காய்ச்சல் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கூட. காரணம், எங்கள் பட்டறையில் செய்த மூன்று அலுமினியத் தாங்கிகள்.

தாங்கி என்றால் உள்ளங்கையளவு, அவ்வளவுதான். நிலவைச் சுற்றப்போகும் அமெரிக்க நிலையமொன்றில் கனடாவின் இயந்திரக் கை வேலை செய்யுமாம். அந்தக் கையின் முழங்கைக்குள் எங்கள் தாங்கி இருக்குமாம். இதை எங்கள் முதலாளி, ஓர் இத்தாலிக்காரர், தன்னுடைய முழங்கையை மடக்கிக் காட்டி விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து நான் கோப்பி குடிக்கக் கையை மடக்கும்போதெல்லாம் நிலவு ஞாபகம் வரும்.

நான் மெஷினில் உலோகம் வெட்டுவேன். பள்ளிக்கூடத்தில் படித்த தொழில் அல்ல. இங்கே வந்து கோப்பை கழுவி, பிறகு இதே பட்டறையில் தரை கூட்டி, அடுத்தவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. சட்டைப்பையில் எண்ணெய் பட்ட குறிப்புக் கொப்பி ஒன்று வைத்திருப்பேன். முன்பக்கத்திலிருந்து வெட்டும் கருவிகளின் இலக்கம் எழுதுவேன். பின்பக்கத்திலிருந்து ஆட்கள் சொல்லும் நல்ல கதைகள். பின்பக்கம்தான் எப்போதும் முதலில் நிரம்பும்.

அதில் பாதி அண்ணையின் வாயிலிருந்து வந்தவை. அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல, என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மனிதர். நான் வெட்டித் தரும் துண்டின் விளிம்புகளில் மயிர் போல நிற்கும் பிசிறைச் சின்னக் கத்தியால் எடுப்பது அவர் வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, குழந்தைக்கு நகம் வெட்டுவது போல எடுப்பார். மார்கழி முடிவோடு அவருக்கு ஓய்வு.

“தம்பி, முப்பது வருசமா நான் பிசிறெடுத்த சாமான் எல்லாம் லொறிக்குள்ளயும் லிஃப்டுக்குள்ளயும் கிடக்குது. போக முதல் ஒண்டு மேல போற வழியில ஏறவேணும். அதைக் கண்ணால பாத்திட்டு நான் வீட்டில இருப்பன்” என்றார்.

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அது அமெரிக்கர்களின் வோட்டில் தொங்கியது. ஆட்சி மாறினால் விண்வெளிக்கும் விலாசம் மாறும் என்றார் முதலாளி. ஒருவர் நிலவு என்பார், அடுத்தவர் செவ்வாய் என்பார். ஒருவர் வந்தால் நிலவு நிலையத்தை விட்டுவிட்டு நேரே செவ்வாய்க்குப் போகலாம் என்று கதை. மற்றவர் வந்தால் திட்டம் தொடரும், ஆனால் ஆமை நடையில்தான் என்று கதை.

தினமும் காலையில் மோர்னிங்சைட் சந்தியில் அண்ணையைக் காரில் ஏற்றுவேன். கதவு பூட்ட முதலே தொடங்கிவிடுவார்.

“இது என்ன நியாயம் தம்பி? ஜனாதிபதிக்கு நாலு வருசம். ரொக்கற்றுக்குப் பத்து வருசம். பாதி வழியில இறங்கு எண்டா அது எங்க இறங்கும்?”

இதைச் சிவப்பு விளக்கில் நின்று கொப்பியில் எழுதினேன்.

தேர்தலுக்கு முந்தின மாதம் ஆயுத பூசை வந்தது. எங்கள் பட்டறையில் அது அண்ணை தொடக்கிய வழக்கம். மதியச் சாப்பாட்டு நேரம், கத்திகளையும் அரங்களையும் தட்டில் பரப்பி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கடலை பங்கிடுவார். நான் வேதக்காரன், தேவாலயத்துக்குப் போகிறவன். ஆனாலும் வருடாவருடம் அந்தக் கடலையில் முதல் பிடி என்னுடையதுதான். அன்று நான் வாய் நிறையக் கடலையோடு திரும்பிப் பார்த்தபோது, கடைசிப் பார்வைக்காகக் கழுவி வைத்திருந்த மூன்றாவது தாங்கியின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

“அண்ணை! உதுக்கும் வச்சிட்டியளோ?”

“நிலவுக்குப் போற பிள்ளை. வெறும் நெத்தியோட அனுப்புறதோ?”

தரம் பார்ப்பவள் இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

“அங்கிள், ஓ மை கோட். திருகு துளைக்குள்ளயும் போயிருக்கு.”

“கழுவினாப் போகும் பிள்ளை.”

“கழுவலாம் அங்கிள். ஆனா உள்ளுக்க ஒரு துகளும் இல்லையெண்டு ஆர் சைன் பண்ணுறது? நான் பண்ண மாட்டன். ஐ ஆம் ஸோ சொறி.”

சொல்லிக்கொண்டே சிவப்பு அட்டையைக் கட்டினாள். சிவப்பு அட்டை கட்டினால் அது பறக்காது. அண்ணை குங்குமச் சிமிழை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டார்.  மிச்சம் இரண்டு தாங்கிகள் தேறின. இனித் தேர்தல்தான்.

முடிவு வந்த காலை அண்ணை காரில் ஏறியதும் வானொலியை நிற்பாட்டினார். யார் வென்றார் என்று உலகத்துக்கே தெரியும். எங்களுக்குத் தெரியவேண்டியது வேறு. பட்டறைக்குப் போனதும் முதலாளி, இயந்திரக் கை செய்யும் கம்பனியின் கடிதத்தோடு நின்றார். புதிய அரசு என்ன நினைக்கிறது என்று தெரியும்வரை இரண்டு தாங்கிகளையும் அனுப்பாமல் வைத்திருக்கட்டாம்.

“வெண்டவருக்கே இன்னும் கதிரை இல்லை. அதுக்குள்ள எங்கட சாமான் அலுமாரிக்குள்ள போயிட்டுது” என்றார் அண்ணை. சிரித்தோம். சிரிப்புக்கு உயிர் இல்லை.

இரண்டு கிழமை கழிந்திருக்கும். தொலைபேசியை வைத்த முதலாளி அலுவலக அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். அந்தக் கம்பனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லையாம். சுற்றும் நிலையத்தைக் கைவிட்டால், அதே கையை நிலவின் தரையில் ஓடும் வண்டியில் பூட்டலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் குலுக்கம் கூட. எங்கள் தாங்கி அதைத் தாங்குமா என்று உடனே குலுக்கிப் பார்க்கவேண்டும். பறக்கிற துண்டைக் குலுக்கிப் பழுதாக்க முடியாது. புதிதாக வெட்டவோ, அந்தத் தர அலுமினியம் கையில் இல்லை.

“அளவெல்லாம் சரியான, ஆனால் பறக்கத் தேவையில்லாத ஒன்று வேண்டும்” என்றார் முதலாளி.

நானும் அந்தப் பிள்ளையும் ஒரே நேரத்தில் அண்ணையைப் பார்த்தோம்.

“அங்கிள்!” என்று கத்தினாள் அவள். “உங்கட பொட்டு பீஸ்! குலுக்கிறதுக்குக் குங்குமம் பிரச்சினையே இல்லை!”

அடுத்த நாள் மத்தியானம் மிசிசாகாவில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு நானே காரை ஓட்டினேன். அண்ணை தாங்கியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் விழுந்தபோது, “மெல்ல ஓட்டு தம்பி, இப்பவே குலுக்கிப் போடாத” என்றார்.

அங்கே ஒரு தடித்த கண்ணாடிக்குப் பின்னால் எங்களை நிறுத்தினார்கள். இரும்பு மேடையில் எங்கள் தாங்கி. அதன் தலையில் அந்தக் கையின் பாரத்துக்கு ஈடான இரும்புக் கட்டி. தொடங்கினார்கள். முதலில் தேன்பூச்சி ரீங்காரம், பிறகு ரயில், பிறகு என் வாயில் கட்டிய பல் கிடுகிடுத்தது. தாங்கி கண்ணுக்கு மங்கலாகிவிட்டது. நடுவில் சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அண்ணை என் கையைப் பிடித்தார். நான் என்னை அறியாமல் சிலுவை போட்டேன். வேதக்காரன் பொட்டுக்காக மன்றாடியது அன்றுதான்.

நின்றது. ஓர் இளம் பொறியியலாளர் தாங்கியைக் கழற்றி, ஏதோ மையைப் பூசி, நீல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு மயிர் வெடிப்பும் இல்லை. பிசிறு இருந்த இடத்தில்தான் வெடிப்புத் தொடங்குமாம். இந்த விளிம்புகளைத் துடைத்தவர் யார் என்று கேட்டார். அண்ணை தன் கத்தி பிடிக்கும் விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

மார்கழி நடுவில் கடிதம் வந்தது. நிலையமோ வண்டியோ, எங்கே போனாலும் அதே தாங்கிதான். அலுமாரியில் கிடக்கும் இரண்டையும் உடனே அனுப்புங்கள், கையைப் பூட்டத் தொடங்கப்போகிறோம். நிலவு வரை போகுமா என்பதை இனி அமெரிக்காவில் கதிரையில் ஏறுபவர்கள் தீர்மானிக்கட்டும். பட்டறைக்குள் அன்று நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரன் ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

அனுப்பும் நாள் அந்தப் பிள்ளை கையுறையோடு இரண்டையும் உறையிலிட்டு, பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி, மூடி ஒட்டினாள். அண்ணை பக்கத்தில் நின்றார். அவர் கை மெல்லச் சட்டைப்பைக்குள் போவதைக் கண்டுவிட்டாள்.

“அங்கிள்! டோன்ற் ஈவன் திங்க்!”

“இல்லைப் பிள்ளை, நான் சும்மா...” பையிலிருந்து வந்தது குங்குமச் சிமிழ்தான்.

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தன்னுடைய விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“ஓகே. வெளிப்பெட்டிக்கு ரூல் ஒண்டும் இல்லை. ஆனா சின்னனா வையுங்கோ.”

அண்ணை விலாசத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வைத்தார். பெட்டியை லொறியில் ஏற்றுவதை வாசலில் நின்று கண்ணால் பார்த்தார். பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

“ஏறீட்டுது தம்பி” என்றார். “கொப்பியை எடுத்து எழுது.”