ஆத்தூர்க்காரரின் மதராஸ் இட்லி

ஜெயபாலுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தபோது நான் அவர் கடையில்தான் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைத் தாண்டி ஐ.என்.ஏ. மார்க்கெட் போகிற வழியில், ஒரு தகரக் கூரை, இரண்டு அடுப்பு, ஒரு கிரைண்டர். இட்லி, வடை, அரைத்த மாவு. அவ்வளவுதான் வியாபாரம். இதற்குப் போய் ஒரு கம்பெனி வழுவழுப்பான காகிதத்தில் ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பும் என்று யார் நினைப்பார்கள்? தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஜெயபால், ஏதோ கரண்ட் சமாச்சாரம் என்று அதை மாவுப் பாத்திரத்துக்கு அடியில் செருகினார். எனக்குச் சட்னி ஊற்றுவதுதான் அப்போது அவருக்கு முக்கியம். எனக்கும்தான்.

மனிதருக்குச் சொந்த ஊர் சேலம் மாவட்டத்து ஆத்தூர். வாலிபத்தில் கட்டட வேலைக்கு டில்லி வந்து, முதுகு பிடித்துக்கொண்டதும் இட்லிக்கு மாறியவர். இந்த ஊர்க் குளிரில் மாவு லேசில் புளிக்காது. டிசம்பர் வந்தால் வீட்டிலிருக்கிற நல்ல பஞ்சு ரஜாயை மாவுப் பாத்திரத்துக்குப் போர்த்திவிட்டு, அவரும் மனைவி பூங்கோதையும் கிழிசல் கம்பளிக்குள் சுருண்டுகொள்வார்கள். "எங்கூட்டுல மாவுக்குத்தானுங்க மொத மரியாதை" என்பார் பூங்கோதை. அந்த இட்லியைத் தின்றவன் என்ற முறையில் நான் அதை ஆட்சேபிக்க மாட்டேன்.

கடையின் பெயர் 'மதராஸ் இட்லி'. அது அவர் வைத்த பெயர் இல்லை. 'ஆத்தூர் இட்லிக் கடை' என்று எழுதத்தான் பெயிண்டரைக் கூப்பிட்டார். பெயிண்டர் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி, "யே ஆத்தூர் க்யா ஹோதா ஹை, பையா?" என்று, ஆத்தூர் என்றால் என்ன பண்டம் என்கிற மாதிரி கேட்டார். ஜெயபால் ஆத்தூருக்கு வழி சொல்லி முடிப்பதற்குள், மதராஸ் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, எழுத்துகளுக்கு மஞ்சளில் நிழலும் கொடுத்துவிட்டார். பார்க்க அழகாக இருந்ததால் ஜெயபால் பேசாமல் கூலி கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஜெயபால் சென்னையைக் கண்ணால் பார்த்ததில்லை. சேலத்தில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் அது காட்பாடி வழியாக அப்படியே வடக்கே போய்விடும். ஆனால் டில்லிக்கு அவர் மதராஸிதான். பீட் போலீஸ்காரர், காய்கறிக்காரர், ஸ்கூட்டரை அணைக்காமலே சாம்பார் கேட்கிறவர், எல்லோருக்கும் அப்படித்தான். ஜெயபாலும் விடாமல், "மதராஸ் நஹீ ஜி, சேலம்" என்று திருத்துவார். அவர்கள் "அச்சா" என்பார்கள். மறுநாள் வந்து, "மதராஸி, தோ பிளேட், ஜல்தி" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை.

மாலையில் மகள் கவிப்ரியா காலேஜிலிருந்து வந்து நோட்டீஸைப் பிரித்தாள். என்னையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

"அப்பா, மதராஸ்னு வேர்ட் இருக்குல்ல, அது ஒரு கம்பெனியோடதாம். நாம யூஸ் பண்ணக் கூடாதாம்."

"ஊரு பேரு எப்படிம்மா ஒருத்தரோடதாவும்?"

"இட்லி, மாவு பிசினஸ்ல மட்டும் அவங்களோடதாம். ரெஜிஸ்டர் பண்ணிட்டாங்க."

"அப்ப லுங்கி வித்தா பரவால்லையா?"

கவிப்ரியா மேலே படித்துச் சொன்னாள். குருகிராமில் பாக்கெட் மாவு தயாரிக்கிற கம்பெனி அது. போர்டைக் கழற்ற வேண்டும், பையில் அச்சடிக்கக் கூடாது, இனி அந்த வார்த்தைப் பக்கமே வர மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அதோடு விட்டார்களா? ஜெயபாலுக்கும் மதராஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பெயரைக் காட்டி ஜனங்களை ஏமாற்றுகிறார் என்று தனியாக ஒரு பத்தி வேறு. அதைக் கேட்டதும் ஜெயபால் தலையை ஆட்டினார்.

"அது நெசந்தானுங்களே சார். நானும் இத்தன வருசமா அதத்தானுங்க சொல்லிட்டிருக்கேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. எதிராளி சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவரை வைத்துக்கொண்டு என்ன வழக்கு நடத்துவது?

"பேருதானுங்க, போனாப் போவுது. வேற எழுதிக்கலாம்" என்றார் பூங்கோதை. ஜெயபால் ஒப்பவில்லை. புதிதாக வருகிறவர்கள் போனில் அந்தப் பெயரைத் தேடித்தான் வருகிறார்கள். சமீபத்தில் பிடித்த இரண்டு ஆபீஸ் கேன்டீன்களுக்கு அந்தப் பெயரில்தான் இட்லி போகிறது. போர்டு இறங்கினால் கடையே போய்விட்டது என்று நினைப்பார்கள் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு மேலும் ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. என்னவென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்து வக்கீலான அர்விந்த் என்பவரிடம் அழைத்துப் போனேன். அவர் நம்பிக்கையாகத்தான் ஆரம்பித்தார்.

"கம்பெனிக்கு முன்னாடியே நீங்க இந்தப் பேரை யூஸ் பண்ணதுக்கு ப்ரூஃப் இருந்தா போதும் அங்கிள், அவங்களால உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. பழைய போர்டு, பில் புக், பேனர், எது இருந்தாலும் குடுங்க."

ஜெயபாலும் பூங்கோதையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போகிக்கு எரிச்சிருவமுங்க" என்றார் பூங்கோதை.

"எதை?"

"எல்லாத்தையும்தானுங்க. மங்கின போர்டு, கிழிஞ்ச பேனரு, பில்லு பொஸ்தகம். வருசா வருசம் பழசக் கழிச்சுட்டுத்தான் பொங்கலு வெப்போம்." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை.

டில்லியில் புகைக்குத் தடை, அக்கம்பக்கத்தில் திட்டு, எல்லாவற்றையும் மீறி, விடியுமுன் தகர டிரம்மில் போட்டு ஒரு வருஷம் தவறாமல் எரித்திருக்கிறார்கள். தங்கள் பக்கத்துச் சாட்சியத்தைத் தாங்களே இவ்வளவு பக்தியோடு கொளுத்தியவர்களை அர்விந்த் பார்த்திருக்க மாட்டார். தலையைப் பிடித்துக்கொண்டார். போட்டோ உண்டா என்றார். கடையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள அது என்ன செங்கோட்டையா?

கடைசியில் என்னிடம் திரும்பினார். "நீங்க பழைய கஸ்டமர். இந்தக் கடையை 'மதராஸ் இட்லி'ன்னுதானே சொல்வீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. நாங்கள் தமிழ்க்காரர்கள் எல்லோரும் 'ஜெயபால் கடை' என்போம். காய்கறிக்காரரைக் கேட்டால் 'மதராஸி கி துகான்', அதாவது மதராஸியின் கடை என்பார்.

"அது அவரைச் சொல்றது சார், கடையோட பேரு ஆகாது" என்றார் அர்விந்த்.

ஆக, ஜெயபால் மதராஸி, ஆனால் அவர் கடை மதராஸ் இல்லை. கம்பெனிச் சொந்தக்காரர்கள் அந்தத் திசைக்கே போனதில்லை, ஆனால் மதராஸ் அவர்களுடையது. முப்பது வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய எனக்கே தலை கிறுகிறுத்தது. ஜெயபாலைக் கேட்கவே வேண்டாம். பஸ்ஸில் திரும்பும்போது, "சார், அப்ப நான் யாருங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

சமரசமாகப் போவதே நல்லது என்று அர்விந்த் சொல்லிவிட்டார். வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்கிற கோர்ட்டின் சமரச அறைக்கு நானும் போனேன். கம்பெனியின் வக்கீல் ஓர் இளம்பெண், மரியாதையாகப் பேசினார். புதுப் போர்டுக்கு ஆகும் செலவைக் கம்பெனியே ஏற்கும் என்றார். சமரசம் செய்கிற பெரியவர் டீ வரவழைத்தார். காகிதம் தயாராக இருந்தது. ஜெயபால் பேனாவைத் திறந்தார்.

"நயா நாம் க்யா ரகோகே?" என்று பெரியவர் புதுப் பெயரைப் பிரியமாகக் கேட்டார்.

"ஆத்தூர்" என்றார் ஜெயபால். இத்தனை வருஷம் கழித்துத் தன் ஊர்ப் பெயர் போர்டில் ஏறப்போகிற சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

"யே கஹான் ஹை?" எங்கே இருக்கிறது என்று கேட்டார் பெரியவர்.

"சேலம் கே பாஸ், ஜி."

"சேலம்?"

ஜெயபால் மேஜைமேல் விரலால் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார். பெரியவர் விழித்தார். பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கம்பெனி வக்கீல் பெண் குறுக்கே வந்தார். "மதராஸ் ஸைட், சார்."

"அச்சா, அச்சா! மதராஸி!" என்றார் பெரியவர்.

ஜெயபாலின் விரல் மேஜைமேல் நின்றது. வழக்கமான திருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து நிதானமாக இந்தியில் பேசினார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"மேடம், அந்த வார்த்தை உங்களுடையது என்கிறீர்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளையிலிருந்து இந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது. அதையும் இந்தக் காகிதத்தில் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்."

ஜனங்களின் வாயைக் கம்பெனி எப்படிக் கட்ட முடியும் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்.

"அப்பப் போர்டும் இருக்கட்டுமுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு ஜெயபால் எழுந்துகொண்டார்.