துடைப்பக் கோடு இல்லாத இடம்

எங்கள் வீட்டுக்குப் போகும் சிமெண்டுப் பாதையில், தார்ச் சாலையிலிருந்து அறுபத்திரண்டாவது மீட்டரில், ஒரு சாண் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். மற்ற இடமெல்லாம் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடும். மழையில் டயர் வழுக்காமல் இருப்பதற்காக, கான்கிரீட் இறுகும் முன் தென்னந்துடைப்பத்தால் இழுத்த கோடுகள் அவை. அந்த ஒரு சாணில் கோடு இல்லை. தெரியாதவர்கள் கவனிக்க மாட்டார்கள். நான் அதன் மேல் கால் வைப்பதில்லை, தாண்டித்தான் போகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியை ஒட்டியது. வீடு சாலையிலிருந்து இருநூற்றுப் பத்து மீட்டர் உள்ளே. நடுவில் இருப்பது எங்கள் நிலம்தான்: உப்புப் பூத்த மணல், உமரிச் செடி, ஆறு பூவரச மரங்கள். என் அப்பா, நைனா, ஏரிக்காரர்களிடம் நண்டு வாங்கி அனுப்பும் வேலையைத் தொடங்கிய பிறகு ஐஸ் பெட்டி வைத்த வண்டி வாசல் வரை வர வேண்டியிருந்தது. வந்த வண்டி மணலில் புதைந்தது. தெருவே கூடித் தள்ளும். நண்டு உயிரோடு போனால்தான் எடுப்பார்கள். வண்டி வெளியே வருவதற்குள் பாதி செத்திருக்கும். "வூட்ல ஒரு இஞ்சினீரு கீது, வண்டி இன்னாடான்னா மண்ணுல கீது" என்று தள்ள வந்தவர்கள் சிரித்தார்கள். அன்று நைனா என்னைப் பார்த்து, "இன்னா போட்டா நிக்கும், நீயே சொல்லும்மா" என்றார். நான் சிவில் டிப்ளமோ படித்தவள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை வேலை. வீட்டில் என் படிப்பை நம்பி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை.

பட்டியல் போட்டேன். எதையும் பட்டியல் போட்டுத்தான் எனக்கு யோசிக்க வரும். செம்மண் கொட்டினால் ஒரு ஐப்பசி மழை தாங்காது. கருங்கல் ஜல்லியை மணல் விழுங்கிவிடும். ஏரிச் சிப்பி ஓடு எங்கள் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் உடைந்த விளிம்பு டயரைக் கிழிக்கும். பேவர் கல்லின் அடியில் மணல் நகர்ந்தால் ஆடும் பல் மாதிரி ஆகும். மிஞ்சியது கான்கிரீட். ஆயுள், சுமை, வடிகால், உப்புக்காற்று, பராமரிப்பு என்று ஐந்து பத்திகள் பிரித்து மதிப்பெண் போட்டேன். எல்லாப் பத்தியும் வண்டிக்கானது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிப்பிக்கு எதிரே 'டயரைக் கிழிக்கும்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கால் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

அந்தப் பாதையில் தினமும் இரண்டு தடவை நடந்தவர் அத்தை. நைனாவின் அக்கா. மணமான ஐந்தாம் ஆண்டில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவர். வலை இல்லை, படகு இல்லை. கடல் உள்வாங்கி ஏரித் தண்ணீர் வடியும் வற்று நேரத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பார். ஓலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் காலால் துழாவுவார். இறால் கிடக்கும் இடத்தைக் கால்தான் முதலில் சொல்லும்; அப்புறம்தான் கை போகும். அவர் செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை. கால் கண்டுபிடிக்க வேண்டியதைச் செருப்புக்குள் வைத்து மூடுவானேன் என்பார்கள் அந்த வேலை செய்யும் பெண்கள். வீட்டிலும் வெறுங்கால், சாலையிலும் வெறுங்கால், சந்தையிலும் வெறுங்கால்.

பட்டியலை வாசித்துக் காட்டியபோது அத்தை நண்டுக் கூடையை அலசிக்கொண்டிருந்தார். "எல்லாம் சோக்காதான் கீது. எனக்கு இன்னா போடுவே?" என்றார்.

"உனக்கும் இதே பாதைதான் அத்தே."

"வண்டிக்கு நீ இன்னா வேணா போட்டுக்கோ. மரத்தோரமா ஒரு ஆளு நடக்குற மாரி மணல மட்டும் வுட்டுடு. மரத்துல கை வெக்காதே."

நான் பொறுமையாக விளக்கினேன். பழைய பாதை மரத்துக்கு மரம் வளைந்து போகிறது. வளைந்தால் நீளம் கூடும். பூவரச வேர் சிமெண்டைப் பிளக்கும். ஓரத்தில் மணல் விட்டால் தண்ணீர் அரித்து விளிம்பு உடையும். சொன்னதெல்லாம் சரி. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். அத்தை கேட்டுவிட்டு, "தம்பி, ஒம் பொண்ணு கலெக்டரு கணக்கா பேசுதுடா" என்றார். நைனா பெருமையாகச் சிரித்தார். ஆறு மரங்களையும் வெட்டினோம்.

தை மாதம் கான்கிரீட் போட்டோம். ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால் கலவைக்கு டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்தேன். இரண்டு பக்கமும் பலகை அடித்து, மட்டம் பார்த்து, துடைப்பம் இழுக்கும் வரை கூடவே நின்றேன். மதியம் அத்தை ஏரியிலிருந்து வந்தார். பலகைக்கு வெளியே மணலோடு வரச் சொல்லியிருந்தோம். அப்படித்தான் வந்தார். வெட்டிப் போட்டிருந்த பூவரசக் கிளைகளைச் சுற்றிக்கொண்டு வரும்போது அவருடைய வலது கால் பலகையைத் தாண்டி ஈரக் கான்கிரீட்டில் இறங்கியது. கணுக்கால் வரை புதைந்தது. காலை எடுத்து அடுத்த அடியை வைத்து நடந்துகொண்டே இருந்தார். நான் கத்தினேன்.

"அத்தே! கண்ணு எங்க வெச்சினு வர்றே?"

நின்று திரும்பினார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தடத்தைப் பார்த்தார். கடைசியாகத்தான் தன் காலைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதைப் போல. "மணலுன்னு இல்ல நெனச்சேன்" என்றார்.

மேஸ்திரி சிரித்தார். "அத்தைக்குக் கண்ணு பறியிலயே கீது. வுடும்மா, கோயில்ல பாதம் பதிச்சி வெக்கலியா, அது மாரி இருக்கட்டும்."

விடவில்லை. தடத்தில் தண்ணீர் தேங்கும், உப்பு இறங்கும் என்றேன். அவர் கலவை போட்டுக் கரணையால் தேய்த்தார். தேய்த்து முடிப்பதற்குள் பக்கத்தில் கோடு இறுகிவிட்டதால் அங்கே துடைப்பம் இழுக்க முடியவில்லை. என் தள நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: 'குறை நான்கு. 62 மீட்டர். கால் தடம். சரி செய்யப்பட்டது.' அத்தை குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் அழைத்தபோதுகூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அத்தைக்குச் சர்க்கரை இருந்தது எங்களுக்குத் தெரியும். மாத்திரை சாப்பிடுவார், சில நாள் மறப்பார். தெரியாதது, கடைசி இரண்டு வருடமாக அவர் பறி ஏன் நிறையாமல் வந்துகொண்டிருந்தது என்பது. "ஏரில எறாலே இல்லமே" என்பார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஏன் பேச வேண்டும்? முகத்துவாரம் தூர்ந்துவிட்டது, தண்ணீர் கெட்டுவிட்டது, இறால் குறைந்துவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அது உண்மையும்கூட. வேறு ஊராக இருந்திருந்தால் ஒருவேளை யாராவது கேட்டிருப்பார்கள். எங்களுக்கு ஏரியைக் குறை சொல்வது அவ்வளவு பழகிப்போயிருந்தது. இறால் காலடியில் துடித்ததையே அவர் கால் சொல்லாமல் விட்டிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தைக்கே தோன்றவில்லை.

சித்திரையில் வற்று நேரம் தள்ளிப்போய் அத்தை உச்சி வெயிலில் திரும்பும் நாட்கள் வந்தன. நிழல் இல்லை. நேர்ப்பாதை. ஓரத்து மணலையும் விளிம்பு அரிக்காமல் இருக்க நான் ஜல்லி போட்டு நிரப்பியிருந்தேன். நான் செருப்புக் காலோடு நடக்கும்போதே சூடு ஏறும் அந்தச் சிமெண்டில், அவர் தலையில் கூடையோடு இருநூற்றுப் பத்து மீட்டரையும் அவசரமில்லாமல் நடந்து வந்தார். ஒரு நாள் படியில் ஈரத்தடம் இருப்பதைப் பார்த்தேன். ஏரித் தண்ணீர் என்று நினைத்தேன். கொப்புளம் உடைந்த நீர். அந்தப் புண்ணோடு அவர் மேலும் நான்கு நாள் சேற்றில் இறங்கியிருந்தார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி முனையால் பாதம் முழுக்கத் தொட்டுப் பார்த்தார். "எப்போலேர்ந்தும்மா கால்ல உணர்ச்சி இல்ல?"

"தெரிலியே சாரு. இல்லாத ஒண்ணு எப்ப போச்சின்னு எப்பிடி தெரியும்?"

கட்டிலின் மறுபக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அறையில் அதற்குத் தள நோட்டில் தேதியோடு பதில் வைத்திருந்தது நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

"சிமெண்டு இன்னா பண்ணும், சக்கர வியாதிதான் பண்ணுது" என்று நைனா எல்லோரிடமும் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். டாக்டரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். மணலும் சுட்டிருக்கும், சேற்றில் ஒரு சிப்பி கிழித்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நானே எனக்கு வரிசை போட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஏழு காரணங்கள் வந்தன. ஏழும் சரி. ஒன்றுகூட உதவவில்லை.

நண்டு வண்டி இப்போது வாசலில் வந்து நிற்கிறது. பாதை ஒரு விரிசல் விடவில்லை. வருகிறவர்கள் எல்லாம் தவறாமல் ஒரு வார்த்தை சொல்கிறார்கள்: நல்ல வேளை, முன்யோசனையா சிமெண்டு போட்டீங்க, சக்கர நாற்காலி எவ்வளவு சுளுவா போகுது, மணலாயிருந்தா என்ன ஆகியிருக்கும். நான் தலையாட்டுகிறேன். அத்தை அவர்களோடு சேர்ந்து, "என் மருமவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாரேன்" என்று சிரிக்கிறார். அவர் குத்திக்காட்டுகிறாரா என்று பலமுறை முகத்தைப் பார்த்திருக்கிறேன். இல்லை. அப்படிக் குத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரைச் சாலை வரை தள்ளிக்கொண்டு போவேன். அங்கிருந்து ஏரி தெரியும். துடைப்பக் கோடுகளின் மேல் சக்கரம் கடகடவென்று ஓடும். கைப்பிடி வழியாக அந்த அதிர்வு என் உள்ளங்கைக்கு வரும். போன வாரம் அறுபத்திரண்டாவது மீட்டரில் சத்தம் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கியது. அத்தை கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். குனிந்து பார்த்தார்.

"இந்த எடத்த மட்டும் மேஸ்திரி சோக்கா தேச்சிக்கீறான் பாரு. வண்டி சத்தமே இல்ல. மொத்தத்தியும் இப்பிடியே போட்டிருக்கக் கூடாதா?"

எந்த இடம் என்று அவருக்கு நினைவில்லை.

"மழைல வழுக்கும் அத்தே" என்றேன். சரியான பதில். நாற்காலியைத் தள்ளினேன்.